பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் ஒரு சிடி

என் கையில் மைக். எதிரே, சாமியானாவுக்குக் கீழே, மொத்த சபையும். மேஜை மேல் வலது பக்கம் ஒரு பூசணிக்காய். இடது பக்கம் கால் கட்டிய ஒரு சேவல். இரண்டும் விற்றாகிவிட்டன. நடுவில் இன்னும் விற்காத ஒரு சிடி.

சாமியானாவில் இருந்த ஓட்டை வழியாக இறங்கிய வெயில் சிடியின் மேல் பட்டு, பூசணிக்காயின் வயிற்றில் ஒரு குட்டி வானவில்லை ஆட்டிக்கொண்டிருந்தது. சேவல் அந்த வானவில்லை முறைத்தது. சபை என்னை முறைத்தது.

"காணிக்கையா வெச்சிருக்கேன் தம்பி. ஏலம் விடுங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா.

அக்கா எங்கள் சபை அலுவலகத்தின் டைப்பிஸ்ட். அந்த சிடியைக் கொஞ்ச நாளைக்கு முன்னால் சபைக்குள் கொண்டுவந்தவன் நான். அதனால் அவருடைய வேலைக்கே ஆபத்து வந்திருந்தது. இப்போது அதையே ஊர் பார்க்க விற்க வேண்டியவனும் நான்தான்.

இது ஒன்றும் ரகசியம் இல்லை. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்று ஒரு நப்பாசை.

ஏலக்காரன் ஆன கதை

அறுப்பின் பண்டிகை என்றால், விளைச்சலில் முதலில் வந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பது. வயலும் தோட்டமும் இருந்த ஊர்களில் ஏற்பட்ட வழக்கம். எங்கள் காலனியில் விளைவது பிளாஸ்டிக் குடமும் கேக்கும்தான். ஆனாலும் விடமாட்டோம். ஆராதனை முடிந்ததும் வந்ததையெல்லாம் ஏலம் விடுவோம். ஒரு முருங்கைக்காய்க்கு, முருங்கை மரத்தையே வாங்கும் விலை கொடுப்பார்கள். பணம் சபைக்கு.

ஏலம் விட நல்ல குரலும் வெட்கமின்மையும் வேண்டும். முதலாவது எனக்கு ஓரளவு இருந்தது. இரண்டாவதைப் பற்றி சபைக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால் வருஷா வருஷம் மைக் என் கைக்கு வந்தது.

துளை விழுந்த சாக்ஸ்

கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ராசி இல்லை.

எண்பதுகளில், மறைமலை நகரில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த கம்பெனியில் முதல் கம்ப்யூட்டர் வந்திறங்கியது. அதற்குத் தனி அறை, ஏசி, கண்ணாடிக் கதவு. எங்களுக்கு ஓட்டை ஃபேன். தூசி ஆகாது என்று கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றச் சொன்னதும் சிலர் உள்ளே போய்க் கையையும் கூப்பினார்கள்.

என்னையும் ஒரு நாள் கூப்பிட்டார்கள். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸிலிருந்து கட்டை விரல் எட்டிப் பார்த்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னது. மானேஜர் கம்ப்யூட்டரைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார். நான் அரை மணி நேரமும் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக் கொக்கு மாதிரி நின்றேன். அன்று அவர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஏறாததை ஏற்ற, தாம்பரம் மேற்கில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்த சென்டரில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். சான்றிதழ் கொடுத்தார்கள். லாமினேட் செய்து ஹாலில் மாட்டினேன். அதற்குப் பிறகு காலனியில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். படுத்தது சில சமயம் எழுந்தது. பல சமயம் நான் போன பிறகு எழுந்தது.

எல்லார் வீட்டிலும் ஒரே சரக்கு

தொண்ணூறுகளின் பின்பாதியில் சபைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெண்கள் ஐக்கியத்தார் அதற்கு லேஸ் வைத்து உறை தைத்தார்கள். ஆயர் எண்ணெய் பூசாத குறையாக ஜெபம் செய்தார். விண்டோஸ் போட்டவன் நான். என் சிடியிலிருந்து.

என் சிடி எங்கிருந்து வந்தது? மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், காய்கறி மாதிரிக் கூவி விற்றவரிடமிருந்து. மேலே மார்க்கர் பேனாவால் 'விண்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் லேபிள். காசு கொடுத்து வாங்க வேண்டிய விண்டோஸைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு மனிதரையும் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அது விற்பனைப் பொருள் என்பதே பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்தது என்று நினைத்தோம்.

அந்தக் கம்ப்யூட்டரில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவர் ஸ்டெல்லா அக்கா. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். அதே விசை வரிசையில் தமிழ் எழுத்துரு கிடைத்ததும் ஞாயிறு ஆராதனையில் எல்லோருக்கும் கொடுக்கும் ஷீட்டை அச்சுப் போல ஆக்கிவிட்டார். பாட்டு எண், பிறந்த நாள், கல்யாண நாள், மரித்தோர் நினைவு, எல்லாம் கோடு கிழித்த மாதிரி நேராக நிற்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் அக்காவும், படுத்த படுக்கையாக அவருடைய அம்மாவும். இருவரும் சாப்பிட்டது அந்த ஷீட்டில்தான்.

எழுந்து நிற்காத கால்கள்

ஒரு வருஷம் எழுப்புதல் கூட்டத்துக்குத் தெற்கேயிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மைக் இல்லாமலே கிழக்குத் தாம்பரம் முழுக்கக் கேட்கும் குரல்.

"உங்க வீட்டுக்குள்ள பிறத்தியார் பொருள் இருக்கா? திருப்பிக் கொடுக்காத புஸ்தகம் இருக்கா? களவா எடுத்த கரண்ட் இருக்கா? நகல் எடுத்த கேசட் இருக்கா? எழுந்து நில்லுங்க!"

ஆட்டோ ஓட்டும் மோசே முதல் ஆளாக எழுந்தான். "மீட்டர்ல சூடு வெச்சி ஓட்டிகினு இருந்தேன், ஸ்தோத்திரம்!" என்று கத்தினான். எங்கள் பொருளாளர் பொன்னையா சார் எழுந்தார். ரிட்டையர் ஆனபோது ஆபீஸ் பஞ்சிங் மெஷின் ஒன்று அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டதாம். மறுநாளே எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பிடித்துப் போய்த் திருப்பிக் கொடுத்தார். அதை எந்தக் கணக்கில் வாங்குவது என்று தெரியாமல் அந்த ஆபீஸில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி.

எனக்கு என் மேஜை டிராயர் ஞாபகம் வந்தது. 'விண்', அதன் பக்கத்தில் கலைக்களஞ்சியம், என் மகள் ஆடும் கார் ரேஸ். எல்லாம் மார்க்கர் பேனா சாதி. எழுந்து நில் என்று காலுக்குச் சொன்னேன். கால் கேட்கவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி கிளாரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "என்னங்க, கால் வலியா?"

"இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மனசாட்சி குத்தியது. அதை நிறுத்த ஏதாவது ஒரு கம்ப்யூட்டரைப் பரிசுத்தமாக்கியே ஆக வேண்டும். என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பரிசுத்தமாக்கினால் கார் ரேஸ் போய்விடும். மகள் அழுவாள். கொஞ்சம் நானும் அழுவேன்.

ஆகவே சபையின் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒருமனதான தீர்மானம்

அடுத்த கமிட்டியில் எழுந்து நின்றேன். இங்கே மட்டும் கால் ஒத்துழைத்தது.

"ஐயா, நம்ம ஆலயத்துக்குள்ள திருட்டுப் பொருள் இருக்கு."

ஆயர் கையில் டீ நின்றது. பொன்னையா சார் கண்ணாடியை இறக்கினார். "யார் மேல சந்தேகம்?"

"கம்ப்யூட்டர் மேல, சார்."

விளக்கினேன். உருக்கமாக விளக்கினேன். பொன்னையா சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதைப் போட்டது நீதானப்பா?" என்றார்.

"ஆமா சார். அதனாலதான் அது திருட்டுன்னு எனக்கு உறுதியாத் தெரியும்."

"இப்ப என்ன, காசு கொடுத்து வாங்கணுமா?"

அங்கேதான் பையிலிருந்து அந்த சிடியை எடுத்தேன். தாம்பரம் ஸ்டேஷன் புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்தது. லினக்ஸ். விண்டோஸ் செய்யும் வேலையைச் செய்யும் வேறொன்று.

"வேண்டாம் சார். இது உலகம் பூரா இருக்கிற ஆளுங்க சேர்ந்து எழுதினது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நகல் எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சும் பாக்கலாம். எதுவுமே தப்பில்ல."

ஆயர் முகம் மலர்ந்தது. "ஆதித் திருச்சபை மாதிரி இருக்கே! எல்லாமே எல்லாருக்கும் பொது."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் தரையிலிருந்து அரை அடி எழும்பிவிட்டேன்.

மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா தலையைத் தூக்கினார். "தம்பி, அதுல தமிழ் அடிக்கலாமா?"

"அடிக்கலாம்க்கா."

"நீங்க அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்துடலாம்க்கா."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து 'ஒருமனதாக' என்று எழுதினார்.

அந்நிய பாஷை

ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். லினக்ஸ் மரியாதையான பிள்ளை. பழைய விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று அதுவே கேட்டது. பாவமும் பரிசுத்தமும் ஒரே டிஸ்க்கில் குடித்தனம் நடத்துவதா என்று, வேண்டாம் என அழுத்தினேன். பத்திரிகையில் போட்டிருந்த படத்தில் அழகான ஜன்னல்கள் இருந்தன. எனக்கு வந்தது கறுப்புத் திரையும் ஒரு சின்ன வெள்ளைக் கோடும்.

"சிலேட்டு மாதிரி இருக்கே தம்பி" என்றார் அக்கா.

என் லட்சணம் தெரிந்தோ என்னவோ, அவர் தன் வேலையையெல்லாம் முன்கூட்டியே ஃபிளாப்பியில் ஏற்றி வைத்திருந்தார். ஒன்றைப் போட்டுத் திறந்தேன். பைபிளின் சங்கீதம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கொக்கியும் வளையமும் கலந்து கொட்டிக் கிடந்தன.

"இது என்ன பாஷை?"

"ஜெபக் கூட்டத்துல பேசுவாங்களே, அந்த அந்நிய பாஷைக்கா. ஆவியில நிரம்பிடுச்சு போல."

அக்கா சிரிக்கவில்லை. நான் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்காத அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஃபிளாப்பியை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, உறைக்குள் போட்டுக்கொண்டார்.

குற்றம் லினக்ஸ் மேல் இல்லை. தமிழ் அன்றைக்கு அதற்குள் சரியாக வந்து சேர்ந்திருக்கவில்லை. வந்திருந்ததைப் போடவும் எனக்குத் தெரியவில்லை. பிரிண்டரையும் அதையும் கடைசிவரை அறிமுகப்படுத்தி வைக்க முடியவில்லை. தோள் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அது பல்லக்காக இருந்திருக்கும். என்னிடம் இருந்தது லாமினேட் செய்த சான்றிதழ்தான்.

கம்ப்யூட்டர் வந்த ஜோரில் சபையின் தமிழ் டைப்ரைட்டரை விற்றுவிட்டிருந்ததால், அந்த ஞாயிறு ஷீட்டை நானே ஸ்டென்சிலில் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றி எடுத்தேன். என் கையெழுத்தில் பிறந்த நாள் எது, மரித்தோர் நினைவு எது என்று புரியாமல் ஒரு தாத்தாவுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஜெபம் நடந்தது. உயிரோடுதான் இருந்தார், முன் வரிசையில்.

"அண்ணே, இது ஷீட்டா, டாக்டர் சீட்டா?" என்றான் மோசே.

இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓடியது. அடுத்த கமிட்டியில் பொன்னையா சார் சொன்னார்: "தாம்பரத்துல அச்சாபீஸ்ல கேட்டுட்டேன். ஷீட்டை அங்கயே அடிச்சுக்கலாம். அப்புறம் ஆபீஸுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர். அந்த வாக்கியத்தையும் மூலையில் உட்கார்ந்து ஸ்டெல்லா அக்காதான் எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், கோடு கிழித்த மாதிரி நேராக. அந்தப் பேனாச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஐயா, வேணும்னா பழைய சிடியையே திரும்பப் போட்டுடறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆயர் பெருமூச்சு விட்டார். "பொன்னையா பஞ்சிங் மெஷினையே திருப்பிக் கொடுத்துட்டாரு, சகாயம். திருட்டுன்னு தெரிஞ்ச பிறகு எப்படிப்பா?"

கடைசியில் ஆயர் ஒரு வழி சொன்னார். வரும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போதிய பணம் சேர்ந்தால், அசல் விண்டோஸும் தமிழ் மென்பொருளும் காசு கொடுத்து வாங்குவது. சேராவிட்டால் அச்சாபீஸ். அக்காவுக்கு வேலை இல்லை.

ஏலக்காரன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வம்சாவளிச் சேவல்

அன்றைக்குக் கத்தினது போல நான் என்றைக்கும் கத்தியதில்லை. தேங்காயை முத்து என்றேன். பிளாஸ்டிக் குடத்தை வெண்கலம் என்றேன். கேக் ஒன்று சாய்ந்து போயிருந்தது. வணங்கி நிற்கும் கேக் என்று சொல்லி விற்றேன்.

சேவல் வந்தது. "சாதாரணச் சேவல் இல்ல இது! ஆண்டவரை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு பேதுரு பொய் சொன்னப்போ கூவுச்சே, அந்த வம்சம்! பொய் சொன்னா கூவும்! வீட்ல புருஷன் இருக்கிற அம்மாமார் யாரும் விட்டுடாதீங்க!"

சபை குலுங்கியது. மோசேயும் பொன்னையா சாரும் போட்டி போட்டு ஏற்றினார்கள். பொன்னையா சார் சைவம். சபைக்காக ஏற்றினார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவருக்கே போனது. அந்த விலைக்குச் சேவல் மட்டுமல்ல, கோழிப் பண்ணையே வரும்.

எல்லாம் முடிந்தது. பொன்னையா சார் பக்கத்தில் வந்து குனிந்தார். "கொஞ்சம் குறையுதுப்பா. சேவல் மாதிரி இன்னொண்ணு போயிருந்தா சரியாயிருக்கும்."

மேஜை மேல் பூசணிக்காயும் சேவலும் எடுத்துப்போக ஆளை எதிர்பார்த்து இருந்தன. பூசணிக்காயையும் விற்றாகிவிட்டது. என்னிடம் விற்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா எழுந்து வந்தார். கைக்குட்டையைப் பிரித்து, சிடியை எடுத்து நடுவில் வைத்தார்.

"காணிக்கையா வெச்சிருக்கேன் தம்பி. ஏலம் விடுங்க."

காணிக்கையாக வந்ததை விற்காமல் திருப்புவது எங்கள் சபையில் வழக்கமில்லை. ஒரு புளியங்கொட்டை வந்தாலும் ஏலம் உண்டு.

"இது... லினக்ஸ்" என்றேன். "உலகத்திலேயே தாராளமான பொருள். யார் வேணும்னாலும் இனாமா எடுத்துக்கலாம்..."

"இனாம்னா இன்னாத்துக்குண்ணே காசு?" பின்வரிசையிலிருந்து மோசே.

சிரிப்பு. அடங்கிற்று. ஒருவரும் விலை கேட்கவில்லை.

"சரிண்ணே, ஒண்ணு கேக்கறேன். கமிட்டில அவ்ளோ தூக்கிப் பேசினியாமே, நல்ல சரக்குன்னு. அப்ப உன் வூட்டு கம்ப்யூட்டர்ல இதான் ஓடிகினு கீதா?"

அவன் விஷமமாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"என் வீட்டு கம்ப்யூட்டரா?" என்றேன். மைக்கில் என் குரல் காலனி முழுக்கப் போனது. "அதுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. அதை நான் தொடறதே இல்ல."

சேவல் கூவியது.

தெளிவாக, நீட்டி, கழுத்தை நிமிர்த்திக் கூவியது.

அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவேன்? ஆயர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பொன்னையா சார், நான் அறிந்து ஒரு முறையும் சிரிக்காதவர், தன் சேவலின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நான் தரையில் ஒரு துளை தேடினேன். முன்னொரு நாள் என் கட்டை விரல் எட்டிப் பார்த்ததே, அந்த அளவுத் துளை போதும், புகுந்துவிடுவேன் என்று தோன்றியது.

சிரிக்காதவர்கள் இருவர். ஸ்டெல்லா அக்கா ஒருவர்.

இன்னொருவர் பெண்கள் வரிசையில் கை தூக்கினார். "சேவல் போன விலைக்கு மேல ஒரு ரூபா."

கிளாரா.

ஆயர் முகத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்குத்தான் ஐயா" என்றாள். "அங்கதான் அது இல்ல."

ஏலக்காரன் கூவித்தான் ஆக வேண்டும். "ஒரு தரம்" என்றேன். யாராவது மேலே கேட்டுக் காப்பாற்ற மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். "ரெண்டு தரம்." பொன்னையா சார் பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு குறைந்த பணம் சரியாகிவிட்டது என்று தலையாட்டினார். மூன்றாவது தரம் எனக்கு வாய் வரவில்லை. ஸ்டெல்லா அக்கா மைக் பக்கம் குனிந்து, "மூணு தரம்" என்றார்.

கிளாராவின் கேள்வி

அசல் விண்டோஸ் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வந்தது. ஆயர் அதற்கும் ஜெபம் செய்தார். அடுத்த ஞாயிறு ஷீட் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. முன் வரிசைத் தாத்தா தன் பெயர் பிறந்த நாள் பகுதியில் மட்டும் இருப்பதை இரண்டு முறை படித்து உறுதிப்படுத்திக்கொண்டார். ஸ்டெல்லா அக்கா என்னிடம் ஷீட்டை நீட்டி, "தம்பி, அடுத்த தடவை எதையாவது பரிசுத்தமாக்கறதா இருந்தா, அதுல வேலை பாக்கறவங்களைக் கேட்டுட்டு ஆக்குங்க" என்றார். இப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் அவரே எனக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அதற்கெல்லாம் முன்னால், ஏலத்தன்று மத்தியானத்துக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கிளாரா சிடியைக் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள். டிராயரைத் திறந்து மார்க்கர் பேனா சிடிகளை எல்லாம் எடுத்து ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டினாள். மகள் மூலையில் கால்நீட்டி உட்கார்ந்து, கார் ரேஸுக்காக முன்கூட்டியே அழ ஆரம்பித்திருந்தாள்.

நான் உட்கார்ந்தேன். சிடி சுழன்றது. கறுப்புத் திரை வந்தது. அதே மரியாதையான பிள்ளை, அதே கேள்வி: பழையதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா?

விரல் விசைக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பின்னாலிருந்து கிளாரா கேட்டாள்: "என்னங்க, இப்ப கை வலியா?"